கம்பி இல்லாத பட்டன்

ஜூன் 3. காலை மணி 10.40. எண்ணிக்கை 318.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அப்பாவின் முழங்கால்கள் இரண்டு, நம் கட்டடத்து லிஃப்ட் ஆகிய ஐவரும் நலமா?

இதை வீட்டுக்குப் போடாமல் உன் குடிநீர் ஆய்வுக்கூடத்துக்குப் போடுவதன் காரணம் உனக்கே தெரியும். ஃபோனில் பேசினால், காது மந்தம் என்று அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார். மெசேஜ் அனுப்பினால் உன் ஃபோனை எடுத்து அவரே சத்தமாகப் படிக்கிறார். கண் மட்டும் கழுகுக் கண். ஆகவே காகிதம், உறை, தபால்தலை.

விஷயத்துக்கு வருகிறேன். 318 என்பது நாங்கள் செய்துகொண்டிருக்கும் கேமில் ஆடுபவரிடம் முடிவு கேட்கும் இடங்களின் எண்ணிக்கை. நீ இந்த மாதிரி ஆடியதில்லை, அதனால் சொல்கிறேன். ஆடுபவர்தான் கதையின் நாயகன். இதில் அவன் ஒரு தூதன். வெள்ளம் சூழ்ந்த நாட்டில் ஒரு செய்தியைக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஆட்கள் வந்து கேட்பார்கள்: உதவுவாயா, மாட்டாயா? இவனை நம்புகிறாயா, அவனையா? திரையில் இரண்டு பட்டன் வரும். ஒன்றை அழுத்த வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்: ‘ஒவ்வொரு முடிவும் உங்களுடையது.’

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, போன வாரம்தான் கேமின் கோட் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். 318-இல் 311 பொய், மீதி ஏழும் தூதனின் தொப்பி நிறம் மாதிரிச் சில்லறை. எதை அழுத்தினாலும் நாலு வரி வசனம் மாறும். பிறகு இரண்டு பாதையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அணைக்காவலரைக் காப்பாற்ற ஓடினால் அவர் உன் கண்முன் சாவார். ஓடாவிட்டால் அவர் செத்த செய்தி வரும். இதற்கு ஒரு முடிவு, அதற்கு ஒரு பட்டன், அதற்கு ஒரு பின்னணி இசை.

எங்கள் தலைவரிடம் போனேன். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவார் என்பதால் அவருக்குக் கத்திரி என்று பெயர்.

“இது மோசடி சார்,” என்றேன்.

“ஆடுறவனுக்குத் தான் முடிவெடுத்த மாதிரி இருந்தா போதும்ப்பா. அவன் என்ன ரெண்டு தடவையா ஆடிப் பாக்கப்போறான்?”

“நான் பாப்பேன்.”

“நீ சம்பளம் வாங்கிக்கிட்டுப் பாக்குற.”

கேமை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஆடு. ஆடிவிட்டு எங்கே பொய் தெரிகிறது என்று எழுது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததையே கண்டுபிடிக்கிறவள் நீ.

பதிலை உடனே போடு.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

ஐவரில் நால்வர் நலம். லிஃப்ட்டுக்குத்தான் செவ்வாய்க்கிழமை முதல் சுகமில்லை. புதிதாக வந்திருக்கும் மெக்கானிக் இரண்டாவது மாடியில் தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அப்பா நாலாவது மாடியில், ஊன்றுகோலோடு, கதவுச் சந்து வழியாக அவருக்குப் பாடம் நடத்தினார். கடைசியில் அந்த ஆள், “ஐயா, நீங்களே இறங்கி வந்து செய்யுங்க,” என்று கத்த, அப்பா, “இறங்குறதுக்குத்தானய்யா லிஃப்ட்டு,” என்றார். இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நீ எழுதிய 311 பொய்யை அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன் (கடிதம் வந்ததைச் சொல்லவில்லை, பயப்படாதே). கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அவர் பார்த்துக்கொண்ட லிஃப்ட்களில், கதவை மூடும் பட்டனுக்குப் போகும் கம்பியை அவரே கழற்றிவிடுவாராம். கட்டடக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்களாம். “பட்டன் இருக்கும், லைட்டு எரியும். அழுத்துறவங்க நிம்மதியா அழுத்திக்கிட்டே இருப்பாங்க. கதவு அதுக்குத் தோணும்போது மூடும்,” என்றார். ஆக, நீ குலத்தொழிலுக்குத்தான் போயிருக்கிறாய்.

மதிய இடைவேளையில் பழைய கணினியில் ஆடுகிறேன். குளோரின் அளக்கும் பெண் எனக்குப் பின்னால் நின்று, “அவனை நம்பாதீங்கக்கா,” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். படகுக்காரி வரும் இடம் வரை வந்துவிட்டேன். அவளைப் பிடித்திருக்கிறது. அதிகம் பேசுவதில்லை.

வேறொன்று. எங்கள் துறையின் கடலோர ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு பிரிவுக்குப் பொறுப்பு. இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும். எனக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. நவம்பர் 15-க்குள் பதில் சொன்னால் போதும். சும்மா சொல்லிவைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 22. மாலை மணி 5.15. எண்ணிக்கை 311.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் அப்படியே என்று நினைக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு என் அனுதாபம்.

மூடும் பட்டன் கதையைக் கத்திரியிடம் சொன்னேன். எனக்குச் சாதகமாகச் சொன்னது அவருக்குச் சாதகமாகிவிட்டது. “பாத்தியா, உங்கப்பா விவரமானவர்,” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, நாற்காலியைத் திருப்பினார்.

“முன்னூத்திப் பதினொண்ணையும் நிஜமாக்கணும்னா உனக்கு முடி நரைச்சிடும். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. ஆறு வாரம். எதுன்னு நீயே சொல்லு.”

ஒன்று. எனக்கு அது போதும். ஒன்றாவது உண்மையாக இருந்தால் எது உண்மை என்று தெரியாமல் ஆடுபவன் எல்லாவற்றையும் மதிப்பான். எதை எடுக்கலாம் என்று நீ சொல். ஆடி முடித்தாயா?

கடலோர வேலை: நல்ல விஷயம்தான். உன் இஷ்டம், அக்கா. போவதென்றால் போ. அப்பாவை என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொள். நவம்பருக்கு இன்னும் நாளிருக்கிறது.

படகுக்காரியைத் தாண்டிவிட்டாயா? அதற்குப் பிறகுதான் கதை சூடு பிடிக்கும்.

உன் தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். லிஃப்ட் ஓடுகிறது.

தாண்டவில்லை. படகுத்துறையில் தூதன் கிளம்பும்போது இரண்டு பட்டன் வருகிறது: ‘நீயும் என்னோடு வா’, ‘நீ இங்கேயே இரு’. முதலாவதை அழுத்தினேன். அவள் ஆற்றைப் பார்த்துவிட்டு, “துறையை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டாள். இரண்டாவதை அழுத்தினால், “அதுதான் சரி,” என்று நின்றுவிட்டாள்.

பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடினேன். அவளுக்குப் போர்வை கொடுத்து, கொடுக்காமல், சண்டை போட்டு, சமாதானமாகி, பகலில், மழையில். பதினோரு மாதிரி எடுத்தேன். எங்கள் பதிவேட்டு முறைப்படி எழுதுகிறேன்:

மாதிரிகள்: 11. மாற்றம்: இல்லை.

அவள் முகத்தை வரைந்தவர் யார்? ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வரும்போது ஒரு நொடி தலையைத் தூக்குகிறாள். அதை ஏன் வைத்தீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 18. காலை மணி 9.05. எண்ணிக்கை 1.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல், மற்றதெல்லாம் நேரில் கேட்பதாகப் பாவித்துக்கொள். எனக்கு நேரமில்லை.

முடிவு செய்துவிட்டேன். அந்த ஒன்று படகுக்காரிதான். பதினோரு முறை கூப்பிட்டும் வராத ஆளை வர வைக்கிறேன். கத்திரியிடம் சொன்னேன். “அவளா? அவ ஓரத்துல நிக்கிறவப்பா, அவளை யாரு கவனிக்கப்போறா?” என்றார். “எங்க அக்கா கவனிச்சாங்க,” என்றேன்.

தலையைத் தூக்குவது பிழை. வரைந்தவரிடம் கேட்டேன். பழைய அசைவு ஒன்றை எடுக்க மறந்துவிட்டாராம். முதலில் அவள் வருவதாகத்தான் கதை இருந்ததாம், பிறகு வெட்டிவிட்டார்கள். வசனம் போய்விட்டது, கழுத்து மட்டும் மிச்சம்.

உனக்கு ஒரு கேள்வி. அவள் வர வேண்டுமானால் என்ன நடந்திருக்க வேண்டும்? நீ அவளாக இருந்தால் எப்போது படகை விட்டு இறங்குவாய்? வளவளவென்று வேண்டாம், உடனே எழுது.

உன் தம்பி


ஆகஸ்ட் 21. மதியம் மணி 1.30. பதில் வராத நாட்கள்: 34.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கேள்வியாகவே கேட்கிறேன், வழக்கத்துக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பா பேசினார், அப்பா சிரித்தார், அப்பா வைத்தார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. அது நீதான் என்று எடுத்துக்கொண்டேன்.

உன்னிடம் கேட்டதற்கு நானே விடை கண்டுபிடித்துவிட்டேன். அவள் வர மறுப்பது குணத்தால் இல்லை. மூன்று வாரம் அவளுடைய வசனங்களை மாற்றி மாற்றி எழுதினேன். கெஞ்ச வைத்தேன், அழ வைத்தேன். படகில் ஏறினாள். ஏறியதும் ஒன்பதாவது அத்தியாயத்தில் கேம் நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? அங்கே அகதிகள் ஆற்றைக் கடக்க வேண்டும். துறையில் படகு இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. அவள் கிளம்பினால் துடுப்பை வேறொருவன் பிடித்தாக வேண்டும். அந்த வேறொருவனை யாரும் எழுதவே இல்லை.

விஷயம் அவ்வளவுதான், அக்கா. அவளிடம் எத்தனை பட்டன் வைத்துக் கேட்டாலும் பயனில்லை. கேட்கிறவன் முதலில் உட்கார்ந்து அந்த இன்னொரு ஆளை உருவாக்க வேண்டும். நடை, குரல், முகம் எல்லாம். அதற்குத்தான் ஆறு வாரம். அந்த வேலையைச் செய்யாமல் ‘வா’ என்று கூப்பிடுவது வெறும் அலங்காரம்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நீயும் ஒரு வார்த்தை எழுதலாம்.

உன் தம்பி


செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. மழை தொடங்கிவிட்டது, கலங்கல் நீர் மாதிரிகள் குவிகின்றன. அப்பா நலம். வியாழக்கிழமைகளில் காலுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். போன வியாழன் திரும்பி வரும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. நாலு மாடியும் அவர் ஏறினார், ஒன்றே கால் மணி நேரம். ஒவ்வொரு மாடியிலும் நாற்காலி கேட்டு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தோம். மூன்றாம் மாடிக்காரர்களோடு நமக்கு இருந்த மனஸ்தாபம் அதில் தீர்ந்தது.

துடுப்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நாலு தடவை படித்தேன். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய்.

நவம்பர் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். “உன் இஷ்டம்,” என்றார். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நீ பொறியியல் படிக்கிறேன் என்றபோதும் அதைத்தான் சொன்னார், அப்புறம் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ மீறிக்கொண்டு போனாய். நான் அந்தச் சொல்லைக் கேட்டால் அடுப்பை அணைத்த மாதிரி அணைந்துவிடுகிறேன். பழக்கம்.

வேறு விசேஷமில்லை.

அக்கா


செப்டம்பர் 11. காலை மணி 8.20. எண்ணிக்கை 5.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு விசாரிக்கிறேன்.

அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன் படம் எடுத்து வைப்பவன் நான். உன் கடிதம் வந்த பிறகு எல்லாவற்றையும் திறந்து படித்தேன். ஜூன் 22-இல் நான் எழுதியிருக்கிறேன்: ‘உன் இஷ்டம், அக்கா. போவதென்றால் போ. அப்பாவை என்ன செய்வது என்று மட்டும் யோசித்துக்கொள்.’

கேமைப் பிரித்த மாதிரி அதையும் பிரித்துப் பார்த்தேன். நீ ‘போகிறேன்’ என்றால்: அப்பாவை யார் பார்ப்பது? விடை இல்லை. ஆகவே நீ வீட்டில். நீ ‘போகவில்லை’ என்றால்: நீ வீட்டில். வசனம் மட்டும் நாலு வரி மாறும். போன வருடக் கடிதங்களையும் எடுத்தேன். உன்னிடம் நான் ‘நீயே முடிவு செய்’ என்று எழுதிய இடங்கள் மொத்தம் ஐந்து. ஐந்திலும் இரண்டு பாதையும் நம் சமையலறையில்தான் போய்ச் சேருகின்றன. கத்திரியாவது விளம்பரத்துக்காகப் பொய் சொல்கிறார். நான் எதற்காகச் சொன்னேன்?

அப்பாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவர் ‘உன் இஷ்டம்’ என்பது அவரே கம்பியைக் கழற்றிய பட்டன். அழுத்தினால் லைட் எரியும், கதவு அவருக்குத் தோன்றும்போதுதான் மூடும். அதைக் கேட்டு நீ அணைந்துபோக வேண்டியதில்லை.

ஆனால் அவரைத் திட்டி நான் தப்பிக்க முடியாது. துடுப்புப் பிடிக்க வேண்டிய வேறொருவன் இந்தக் கதையில் ஏற்கெனவே இருக்கிறான். ஒரு மேசையும் கணினியும் இருந்தால் எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவன். இருபத்து நாலு வயது. முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

நவம்பர் 15-க்கு 65 நாள் இருக்கிறது. எதற்கும் பதில் எழுதிவிடாதே. நான் செய்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 1

மகனுக்கு அப்பா எழுதுவது.

இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய்.

செப்டம்பர் 11-ஆம் தேதி நீ பெரியவளுக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அவசரத்தில் உறைமேல் வீட்டு முகவரியை எழுதிவிட்டாய். சின்ன வயசிலிருந்து எழுதிப் பழகிய கை, அப்படித்தான் போகும். உறையில் அவள் பெயர் இருந்தது. இருந்தும் பிரித்தேன். தப்புதான். பிரித்த பிறகு மடித்து அவளிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரமாகத் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது.

நான் கம்பி கழற்றின பட்டன் என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருடம் லிஃப்ட் பார்த்தவனிடம் கம்பியைப் பற்றிப் பேசுகிறாய், பரவாயில்லை. ஒன்று தெரிந்துகொள். நான் எந்தக் கம்பியையும் வெட்டி எறிந்ததில்லை. நுனியில் டேப் சுற்றிப் பலகைக்குப் பின்னாலேயே விட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்தில் மாட்டலாம்.

நான் பத்து தடவை ‘உன் இஷ்டம்’ என்றால் ஒன்பது தடவை ‘வேண்டாம்’ என்றுதான் அர்த்தம். ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அம்மா இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தாள். ஆனால் பெரியவள் ஆகஸ்டில் கேட்டபோது நான் சொன்னது அந்தப் பத்தாவது. அவள் ஒன்பதையே கேட்டு வளர்ந்தவள். “சரிப்பா,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பின்னாலேயே போய்ச் சொல்லலாம் என்று ஊன்றுகோலைத் தேடி எழுந்தேன். அதற்குள் குழாயை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

போன வாரம் மறுபடி சொன்னேன். “நிஜமாவே உன் இஷ்டம்மா,” என்றேன். “தெரியும்ப்பா,” என்றாள். என்ன தெரிந்தது அவளுக்கு?

இன்னொன்று. அலமாரியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளை மாற்றினேன். அடியில் இரண்டு கடிதம் இருந்தது. இதே கடலோர ஆபீஸிலிருந்து வந்தது. ஒன்று ஆறு வருடத்துக்கு முந்தியது. அம்மா போன மறு வருடம், நீ படிக்கக் கிளம்பிய மாதம். இன்னொன்று மூன்று வருடத்துக்கு முந்தியது, நான் விழுந்த மாதம். இரண்டையும் என்னிடம் காட்டவே இல்லை. என்னைக் கேட்காமலே என் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது வந்திருப்பது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அவளேதான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கடிதத்தில் தேதியோடு இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் ‘அப்பாவை என்ன செய்வது, அப்பாவை என்ன செய்வது’ என்று எழுதிக்கொள்கிறீர்கள். நான் என்ன, மோட்டாரா? தனியாக இருக்க முடியாது, உண்மை. யாரோடு இருப்பது என்று ஒருவர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு வருடம் உன்னோடு இருந்து பார்க்கிறேன். உன் சமையலைத் தாங்கிக்கொள்வேன்.

அவளிடம் நீ சொல். நான் எப்படிச் சொன்னாலும் அவள் காதில் ஒன்பதாகத்தான் விழுகிறது.

அப்பா


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஒரு நாள் தாமதித்தாலே நாட்களை எண்ணி அனுப்புகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், “கடிதம் கெடச்சுதா?” என்று கேட்டாய். அப்பா, “எந்தக் கடிதம்?” என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் எனக்கும் தெரியவில்லை, எந்தக் கடிதம்?

போன மாதம் நான் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு வேலை நிறைய இருக்கும்.

கடலோர ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை என்று பதில் எழுதிவிட்டேன். உறையில் போட்டிருக்கிறேன், ஒட்டவில்லை. எங்கள் மேலாளர் இருபதாம் தேதி தலைமை அலுவலகம் போகிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன். கெடு வரை இழுப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. நானாக எடுத்த முடிவுதான்.

உன் படகுக்காரி என்ன ஆனாள்? அதை மட்டும் எழுது.

அக்கா


அக்டோபர் 11. காலை மணி 11.50. எண்ணிக்கை 9 நாள்.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை. இனி இதைக் கேள்வியாகக் கேட்கப் போவதில்லை.

உன் கடிதம் இன்று பத்தரை மணிக்கு வந்தது. பத்து முப்பத்தைந்துக்கு உன் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் செய்தேன். குளோரின் அளக்கும் பெண் எடுத்தாள். நீ மாதிரி எடுக்க வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். “அந்த உறையைக் குடுக்க வேண்டாம், கூரியர் வருதுன்னு அக்காகிட்ட சொல்லுங்க,” என்றேன். “எந்த உறை?” என்றாள். “அவங்களுக்குத் தெரியும்,” என்றேன். “நீங்கதான் அந்த முந்திரிக்கொட்டையா?” என்று கேட்டாள். ஆய்வுக்கூடம் முழுவதும் அந்தப் பெயரில்தான் நான் தெரிந்தவன் போலிருக்கிறது.

இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று, நான் செப்டம்பர் 11-இல் எழுதி வீட்டு முகவரிக்குப் போட்டுத் தொலைத்த கடிதத்தின் நகல். இரண்டாவது, அதைப் பிரித்துப் படித்த அப்பா எனக்கு எழுதியது. அப்பாவுடையதை முதலில் படி. படித்துவிட்டு வந்து இங்கிருந்து தொடர்.

படித்தாயா? மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறாய். நீ ‘சும்மா சொல்லிவைத்தேன்’ என்றாய், நானும் சும்மா படித்தேன். முதல் முறை உனக்கு அது வந்த மாதம் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நீதான் கட்டிக்கொடுத்தாய். சட்டைகளுக்கு நடுவில் காகிதம் வைத்து மடித்தாய்.

படகுக்காரி: முடிந்துவிட்டது. ஆறு வாரம் கேட்டுப் பத்து வாரம் எடுத்தேன். துறைக்கு வேறொரு துடுப்புக்காரனை எழுதினேன். அவசரக்காரன், எதிராளி பேசி முடிப்பதற்குள் படகைத் தள்ளிவிடுகிறான். கத்திரி பார்த்துவிட்டு, “யாருய்யா இவன், உன்ன மாதிரியே இருக்கான்?” என்றார். படகுக்காரிக்கும் ஒரு மாற்றம் செய்தேன். இப்போது யார் கூப்பிட்டாலும் அவள் வருவதில்லை. முந்தைய அத்தியாயங்களில் ஒரு தடவையாவது தானாகத் துடுப்பைப் பிடித்தவன் கூப்பிட்டால்தான் அது அவளுக்குக் கேள்வியாகவே படுகிறது. அதன் பிறகும் வருவதா இருப்பதா என்பதை அவள் ஆற்றின் நிலையைப் பார்த்து முடிவு செய்கிறாள். இருபது பேரை ஆடவிட்டோம். ஒன்பது பேரோடு கிளம்பினாள். நாலு பேரிடம் இருக்கிறேன் என்று சொன்னாள். மீதி ஏழு பேருக்கு அவள் தலையைத் தூக்கவே இல்லை. இருக்கிறேன் என்று அவள் சொன்ன நாலும் எனக்குத் திருப்தி. அது பழைய ‘இருக்கிறேன்’ இல்லை. கழுத்தசைவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கத்திரியிடம் நேற்றே பேசிவிட்டேன். இரண்டு பட்டன் வைத்தேன்: ஒன்று, வீட்டிலிருந்து வேலை. இரண்டு, ராஜினாமா.

உடனே கண்டுபிடித்துவிட்டார். “ரெண்டுலயும் நீ ஊருக்குப் போற.”

“ஆமா சார்.”

“இதுக்குப் பேரு என்னன்னு எனக்குப் பாடம் எடுத்தவன் நீ.”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார்.”

முதலாவதை அழுத்தினார். மாதம் ஒரு முறை நேரில் வர வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் செய்தது மோசடிதான், எனக்குத் தெரியும். உன்னிடம் செய்ய மாட்டேன். அதனால் கீழே இருப்பதைக் கவனமாகப் படி. இதில் எதற்கும் உன் அனுமதி கேட்கவில்லை. எதுவும் நீ என்ன முடிவெடுக்கிறாய் என்பதைப் பொறுத்தும் இல்லை. என் பக்கம் மாறாது. உன் பக்கம்தான் மாறும். கம்பி அங்கேதான் இருக்க வேண்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. அக்டோபர் 27 காலை பேருந்தில் வருகிறேன். ஒரு பெட்டி, கணினி, நாற்காலி. லிஃப்ட் ஓடாவிட்டால் நாலு மாடியும் நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

2. மேசையைக் கூடத்தில் ஜன்னலோரம் போடுவேன். உன் அறையைத் தொட மாட்டேன். நீ இருந்தாலும் அது உன்னுடையது, இல்லாவிட்டாலும் உன்னுடையது.

3. வியாழக்கிழமைப் பயிற்சி, அப்பாவின் மாத்திரைகள், லிஃப்ட் மெக்கானிக்கைச் சமாதானப்படுத்துவது, மூன்றாம் மாடி நாற்காலி ஆகியவை 28-ஆம் தேதி முதல் என் பொறுப்பு. நீ ஒரே ஒரு முறை காட்டிக்கொடு.

4. அப்பா ‘உன் இஷ்டம்’ என்று சொன்னால், அந்த நிமிடமே, “ஒன்பதா, பத்தாவதா?” என்று கேட்பேன். சொல்லும் வரை விடமாட்டேன்.

5. நீ போவதாக இருந்தால் உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் நான் காகிதம் வைத்து மடிப்பேன். இருப்பதாக இருந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன். நவம்பர் 15 வரை இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

6. பதிலை எனக்கு எழுதாதே. அவர்களுக்கு எழுது.